புதிய கொல்லனின் வில்லுக்கத்தி

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டித் தொழில் செய்வோர்க்குக் கத்தி என்பது ஆறாவது விரலைப் போன்றது. தூண்டில் நூலை அறுப்பதும், இரையைத் துண்டாக்குவதும், வலையில் நைந்துபோன நூலைக் களைவதும் அதன் அன்றாட வேலைகள். ஆடும் வள்ளத்தில் அலகு திறந்த கத்தி ஆபத்தானது. ஆகையால், அலகைப் பிடிக்குள் மடக்கி மடியிற் செருகிக்கொள்ளத்தக்க கத்தியே கடலுக்கு உகந்தது. அதனை மடக்குக்கத்தி என்பர். ஈழத்துப் பேச்சில் வில்லுக்கத்தி என்றும் வழங்குவர். பிடியின் முதுகுப்புறத்தே பதிந்திருக்கும் எஃகு வில்லே அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் தாங்கி நிற்பதால், அப்பெயர் பொருத்தமானதே.

இத்தகைய கத்தியைப் புதிதாகச் செய்யத் தொடங்கிய ஒருவரின் பொருள் கடைத்தெருவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதனை எடுத்து, இதைப்போலக் கத்தி கண்டதில்லை என்கிறார். மற்றொருவர், நேற்று முளைத்த கொல்லனுக்கு எஃகைப் பற்றி என்ன தெரியும் என்று தள்ளிவிடுகிறார். இருவரும் அக்கத்தியால் ஒரு முழம் கயிற்றையேனும் அறுத்துப் பார்த்தவரல்லர். எவரை நம்புவது? இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. ஓடுகின்ற நங்கூரக் கயிறு காலிற் சுற்றிக்கொண்டால் அதனை அறுப்பதற்குக் கிடைப்பவை சில கணங்களே. அப்போது வில் தளர்ந்து அலகு விரல்மேல் மடிந்தால் விரலும் போகும், கயிறும் அறாது. மறுபுறத்தில், நல்ல வேலைக்காரர் ஒருவரைக் காரணமின்றித் தூற்றினால் அவருடைய உலை அணைந்துபோகும். ஆராயாது புகழ்வதும் ஆராயாது இகழ்வதும் ஆகிய இரண்டுமே யாரோ ஒருவருடைய கையைக் காயப்படுத்துகின்றன.

கத்தியின் பெயரும் புகழும் எவ்வாறு உண்டாகின்றன என்பதற்கு இத்துறைமுகத்தோடு தொடர்புடைய கதையே ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரின் வசம் இருந்தது. அக்கடற்படையினர் இடுப்பிற் கட்டியிருந்த மடக்குக்கத்திகளிற் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் வடிக்கப்பட்டவை. கப்பற்காரரின் கத்தியில் வாய் நேராக இருக்கும். நுனி கூராக இராது, ஆட்டின் குளம்பைப் போல மழுங்கி வளைந்திருக்கும். கப்பல் தள்ளாடும்போது தன்னையோ அயலவரையோ குத்திவிடாதிருக்க அவ்வடிவம் உதவும். வேலையறிந்து அமைந்த வடிவம் அது.

ஷெஃபீல்டுக் கத்திக்காரருள் ஜோசப் ரொட்ஜர்ஸ் என்ற நிறுவனத்தாரின் பெயர் கீழைநாடெங்கும் பரவியிருந்தது. அந்நகரத்துக் கத்தித்தொழிலின் வரலாற்றை எழுதியோர் சுவையான செய்தி ஒன்றைச் சொல்வதுண்டு. இலங்கையில் அந்தப் பெயர் ‘ருஜ்ஜஸ்’ என்று திரிந்து, எப்பொருளாயினும் மிகச் சிறந்தது என்று பொருள்படும் சொல்லாகவே வழங்கியதாம். ஒரு பட்டறையின் பெயர் மொழியிற் புகுந்து பண்புச் சொல்லாகிவிடுவதைவிடப் பெரிய புகழ் வேறென்ன வேண்டும்?

ஆயினும் அந்தப் புகழ் ஓரிரவில் வந்ததன்று. ஷெஃபீல்ட் வட்டாரத்துக் கத்திக்காரரின் சங்கம் 1624ஆம் ஆண்டிற் பாராளுமன்றச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அலகின் அடியிற் பொறிக்கும் அடையாளத்தைப் பதிவு செய்வதும், ஒருவர் அடையாளத்தை மற்றவர் திருடாமற் காப்பதும் அதன் பணிகளாக இருந்தன. நட்சத்திரமும் மால்டாச் சிலுவையுமாகிய ரொட்ஜர்ஸ் அடையாளம் 1764ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. அதன் பின் தலைமுறைகள் சில கடந்தே கடல்கடந்த புகழ் வந்தது.

புகழ் வந்ததும் போலியும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலே செய்த மலிவான அலகுகளிற் சில, ஷெஃபீல்ட் என்ற முத்திரையோடு உலகெங்கும் விற்பனையாயின. அத்தகைய பொய் முத்திரைகளைத் தடுக்கவே 1887ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் வணிகப்பொருட் குறிகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. ஆண்டுகள் ஐம்பது கழிந்தன. ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் நேர்த்தியான கத்திகளுக்குத் தானே பேர்பெற்றது. அப்போது அதன் பெயரைப் பிறர் திருடத் தொடங்கினர். 1938ஆம் ஆண்டில் சோலிங்கன் என்ற பெயரைக் காப்பதற்கென்றே தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று! முத்திரை ஒன்றை எவரும் வெட்டலாம். அலகின்மேல் இருக்கும் எழுத்து அலகினுள் இருக்கும் எஃகுக்குச் சாட்சியாகாது. ரொட்ஜர்ஸ் நிறுவனமும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பலமுறை கைமாறியது. பெயர் நிலைத்தது, அடித்த கைகள் நிலைக்கவில்லை.

இலங்கை எஃகே ஒரு காலத்தில் அத்தகைய பெயர் பெற்றிருந்தது என்பதை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பர். 9ஆம் நூற்றாண்டிற் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ‘சரந்தீபி’ என்ற வகையைக் குறிப்பிடுகின்றார். சரந்தீபம் என்பது இலங்கை. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழைய உலைகளை கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் கண்டறிந்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலைகள் காற்றை நோக்கி மேற்குமுகமாக அமைந்திருந்தன. அல்கிந்தியின் நூலில் வாளின் ஊர்ப்பெயர் மட்டும் இல்லை. எஃகின் நிறமும் அதில் ஓடும் வரிகளும் விரிவாகப் பேசப்படுகின்றன. அரசவைக்கு வாள் வாங்குவோர்கூடப் பெயரோடு நின்றுவிடாமற் பொருளையும் பார்த்தனர் என்பது இதனாற் புலப்படும்.

மடக்குக்கத்தியில் எதைப் பார்ப்பது? கூரையே பெரும்பாலோர் முதலிற் பார்ப்பர். பெருவிரலால் வாயைத் தடவி, சவரம் செய்யலாம் போலிருக்கிறதே என்பர். கடையிற் கூர் இருப்பது பெரிய காரியமன்று. மட்டமான இரும்பையும் நல்ல சாணைக்கல்லில் அரைமணி நேரம் பிடித்தாற் கூராகிவிடும். அக்கூர் எத்தனை முழம் கயிறு வரை நிற்கிறது என்பதே கேள்வி. அதற்கு விடை தோய்ச்சலில் இருக்கின்றது.

செவ்வனலாகக் காய்ச்சிய அலகை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகும். ஆனாற் கண்ணாடிபோல நொறுங்கும். ஆகவே அதனை மறுபடியும் இளஞ்சூட்டிற் பதப்படுத்த வேண்டும். அப்போது துலக்கிய எஃகின் மேற்பரப்பில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்: முதலில் வைக்கோலின் மஞ்சள், பின்னர்ப் பழுப்பு, பின்னர் ஊதா, முடிவில் நீலம். அலகை வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும்; வில்லை நீலம் வரை விட வேண்டும். அலகுக்குக் கடினம் தேவை. வில்லுக்கு வளைந்து மீளும் தன்மை தேவை. ஒரே கத்திக்குள் இருவேறு பதங்கள் இணைந்திருப்பதுதான் இத்தொழிலின் அருமை. அரிவாளும் மண்வெட்டியும் அடித்துக் கைதேர்ந்த கம்மாலைக்காரரும் வில்லுக்கத்தியிற் சறுக்குவதற்கு இது ஒரு காரணம்.

பதத்தை அறிய எளிய வழி உண்டு. பித்தளைக் கம்பி ஒன்றின்மேல் கத்தியின் வாயைச் சற்றே சாய்த்து மெல்ல அழுத்தி இழுத்தால், நல்ல பதமுள்ள வாய் நூலளவு வளைந்து மீண்டுவிடும். வளைந்தபடியே நின்றால் எஃகு மென்மை. சில்லாக உதிர்ந்தால் எஃகு மிகைக் கடினம். இக்காலத்துப் பட்டறைகள் ரொக்வெல் அளவுகோலாற் கடினத்தை அளக்கின்றன. நல்ல மடக்குக்கத்திகளின் எண் பெரும்பாலும் 55க்கும் 60க்கும் இடையில் நிற்கும். புதிய கத்திக்காரரிடம் இந்த எண்ணைக் கேட்பதிற் குற்றமில்லை. அளக்கவில்லை, அனுபவத்தாற் பதம் பார்க்கிறேன் என்பாரானால் அதுவும் நேர்மையான விடையே. ஐயுற வேண்டியது விடையைத் தட்டிக்கழிப்பவரையே.

அடுத்து, கத்தியைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். அலகின் முதுகுக்கும் வில்லுக்கும் இடையே ஒளி தெரிந்தால் பொருத்தம் சரியில்லை. அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. ஆடினால், அலகைக் கோத்திருக்கும் தறையாணி தளர்ந்துள்ளது என்பது பொருள். மூடும்போது அலகின் வாய் உள்ளே வில்லின்மேல் மோதக்கூடாது. மோதினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் சாகும். திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்ற ஒலி தெளிவாக எழவேண்டும். ஷெஃபீல்ட் கத்திக்காரர் இதனைக் கத்தியின் நடையும் பேச்சும் என்று கூறுவது வழக்கம். இவற்றைக் கடைவாசலிலேயே பார்த்துவிடலாம், காசும் செலவில்லை.

கடல் நீரின் சோதனை மட்டும் கடைவாசலில் நடவாது. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹரி பிரியர்லி 1913ஆம் ஆண்டில் குரோமியம் மிகுந்த துருவேறா எஃகை உருவாக்கியபின், துருவுக்கு விடிவு வந்தது என்று பலர் எண்ணினர். உப்பு அதனையும் முற்றாக விடுவதில்லை. சிறு சிறு புள்ளிகளாகத் துளைத்துவிடும். குரோமியமில்லாக் கரி எஃகு விரைவிற் கறுத்துத் துருவேறும். ஆயினும் வள்ளத்திலிருக்கும் சாதாரணக் கல்லிலேயே எளிதிற் கூராகும். இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை. கத்திக்காரர் எந்த எஃகை இட்டார் என்பதை ஒளிக்காமற் சொல்வதே வேண்டுவது. துருவேறுவது வெளியே அன்று, தறையாணியைச் சுற்றிய மறைவிடத்தில். ஒரு வாடைக்காலம் கழிந்தபின் அலகு இலகுவாகத் திறக்கின்றதா என்பதே முடிவான சான்று.

இங்கேதான் பெயரைப் பற்றிய பேச்சு வரவேண்டும். புகழ்வோர் அனைவரும் ஒரே நிறையுடையவர் அல்லர். நேற்று வாங்கியவர் பிடியின் மெருகையே புகழ முடியும். ஆறு மாதம் மடியில் வைத்திருந்தவரே வில்லைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர். பலர் ஒரே சொற்களால் ஒரே புகழைச் சொன்னால், அது ஒருவர் வாயிலிருந்து பரவியதா என்று பார்ப்பது நல்லது. கத்தியை விற்பவரின் உறவினர் சொல்லும் சாட்சிக்கு எவ்வளவு நிறை என்பது சொல்லாமலே விளங்கும். இகழ்ச்சிக்கும் இதே தராசுதான். அலகால் தகரப் பேணியை நெம்பித் திறந்து நுனியை முறித்தவர் கொல்லனைக் குறை கூறுவது நியாயமாகாது.

அலகை வேறிடத்தில் வாங்கிப் பிடி மட்டும் தாம் பொருத்துகிறவர்களும் உண்டு. அதுவும் இழிவன்று. ஷெஃபீல்டிலேயே அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர் என்று தொழில் பிரிந்திருந்தது. பிறர் செய்த அலகைத் தாமே அடித்ததாகச் சொல்வதுதான் பிழை.

புதியவர் என்பதாலேயே தள்ளிவிடுவோர் பிரான்சின் சவோய் மலைநாட்டுக் கதை ஒன்றைக் கேட்கலாம். 1890ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் என்ற பதினெட்டு வயது இளைஞர், கருவிகள் செய்யும் தந்தையின் பட்டறையில் மரப்பிடியிட்ட எளிய மடக்குக்கத்தி ஒன்றைச் செய்தார். பெருநகர வணிகருக்காக அதனைச் செய்யவில்லை. அயலிலிருந்த உழவர் வாங்கினர், பயன்படுத்தினர், மறுபடியும் வந்தனர். முடிசூடிய கையாகிய அடையாளத்தை அவர் பதித்தது 1909ஆம் ஆண்டில். கத்தி வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின். திறந்த அலகு தற்செயலாக மடிந்து விரலை வெட்டாதபடி தடுக்கும் வளையம் 1955ஆம் ஆண்டிற்றான் சேர்ந்தது. அறுபத்தைந்து ஆண்டு விற்ற கத்தியிலும் திருத்துவதற்கு ஒன்று இருந்தது! முதற் கத்தியில் அவ்வளையம் இல்லையென்று அயலவர் அவரை அன்றே ஒதுக்கியிருப்பாராயின், இன்று உலகறிந்த அக்கத்தி இராது.

ஆகையால் புதிய கத்திக்காரரின் பொருளிற் குறை கண்டவர், அதனைச் சந்தையிற் சொல்வதற்கு முன் அவரிடமே கொண்டுபோய்க் காட்டுவது முறை. அவர் கத்தியை வாங்கி, திறந்து, ஒளிக்கு எதிரே பிடித்து, எங்கே பிழை என்று தாமே தேடுகிறாரா, அல்லது வாங்கியவரின் கையையே குற்றம் சொல்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். தளர்ந்த தறையாணியை இறுக்கித் தருபவரின் அடுத்த கத்தி முந்தியதைவிட நன்றாக இருக்க வாய்ப்புண்டு. குறையை ஏற்று மாற்றித் தந்த செய்தியும் குறையோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும். சந்தையிற் பெரும்பாலும் முன்பாதி மட்டுமே பரவுகிறது.

இன்னும் ஒன்று. முதற் கத்திகளில் எந்தத் தொழிலாளியும் தம் முழுக் கவனத்தையும் வைப்பார். பெயர் பரவி வேலை குவியும்போது, நூறாவது கத்தியில் அக்கவனம் நிற்கிறதா என்பதே ஐயம். முதற் கத்தியை வாங்கியவர் ஓராண்டின் பின் அதே பட்டறையில் இரண்டாவதை வாங்குவாரானால், பழையதன் தறையாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் காதருகே வைத்துத் திறந்து மூடிப் பார்க்கலாம். ‘டக்’ என்ற ஒலி இரண்டிலும் ஒத்திருக்குமாயின், வில்லின் பதம் அங்கே இன்னும் நீலத்திற்றான் நிற்கிறது.