இலைத்துருவும் இயற்கைத் தேர்வும்

மழை ஓய்ந்ததும் ஏற்காட்டில் அரபிக்கா காப்பி இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி அப்பியிருப்பதுண்டு. தொட்டால் விரலில் ஒட்டும். அதுதான் இலைத்துரு; ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சையின் வித்துகள். ஒரே புள்ளியிலிருந்து லட்சக்கணக்கில் கிளம்பும். இலை நனைந்திருந்தால் போதும், முளைத்து இலைத்துளை வழியே உள்ளே புகுந்துவிடும். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வைக் கண்ணால் காண, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்தப் பொடியைவிட நல்ல பாடம் இல்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அரபிக்கா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். உலகெங்கும் பரவிய செடிகளும் ஏமனிலிருந்து போன சிலவற்றின் வழி வந்தவையே. அதனால் செடிக்குச் செடி மரபு வேறுபாடு மிகக் குறைவு. 1869இல் இலங்கையில் துரு தலைகாட்டியபோது தாக்குப்பிடிக்க வழியில்லாமல் போனது. இருபதே ஆண்டுகளில் அங்கு காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பிக்காகக் கடல் கடந்த தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பும் மாறியது.

1911 வாக்கில் மைசூர்ப் பகுதித் தோட்டம் ஒன்றில் கென்ட் என்ற தோட்ட முதலாளி துரு அண்டாத ஒரு செடியைக் கண்டெடுத்தார். அதன் விதை தென்னிந்தியத் தோட்டங்களில் பரவியது. ஆனால் சில ஆண்டுகளில் கென்ட் ரகத்திலும் ஆரஞ்சுப் பொடி! துருவில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்று 1930களின் தொடக்கத்தில் வில்சன் மெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார்.

பூஞ்சை கென்ட்டுக்குப் பழகிக்கொண்டது என்று சொல்வார்கள். அது சரியல்ல. எந்த வித்தும் எதையும் பழகுவதில்லை. கோடிக்கணக்கான வித்துகளில் தற்செயலான மரபணு மாற்றம் கொண்ட ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். பழைய செடிகளில் அந்த மாற்றத்தால் தனிப் பலன் இல்லை. மலை முழுக்கக் கென்ட் நட்டதும் மற்றவை மடிகின்றன, அவை மட்டும் பெருகுகின்றன. ஒவ்வொரு வித்தும் பிறந்தபடியே இருக்க, கூட்டத்தில் அவற்றின் விகிதம்தான் மாறுகிறது. பரிணாமம் என்பது இந்த விகித மாற்றமே.

அடுத்து வந்தது எஸ். 795. லைபீரிக்கா என்ற வேறு காப்பி இனத்தின் எதிர்ப்புத்திறன் கலந்த எஸ். 288 ரகத்தைக் கென்ட்டுடன் இனக்கலப்புச் செய்து, 1925இல் தொடங்கிய பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டது. பல்லாண்டு நின்றது, பிறகு அதிலும் துரு ஏறியது. இன்று உலகில் ஐம்பதுக்கும் மேற்பட்ட துரு வகைகள் அறியப்பட்டுள்ளன.

ஒரே ரகத்தை மலை முழுக்க நடும்போது, அதை வெல்லும் பூஞ்சையை நாமே பொறுக்கி வளர்க்கிறோம். ஏற்காட்டுத் தோட்டக்காரர்களே, புதுக்கன்று நடும்போது ரகங்களைக் கலந்து நடுங்கள். பருவமழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிப்பதை விட்டுவிடாதீர்கள்.