கல்லுக்கும் ஒரு முகவரி உண்டு
(வட்டாரப் பாறை, கனிம ஆர்வலர் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லைப் பார்க்கிறதுக்கு ஒரு குழுவா?" என்று நீங்க கேட்கலாம். ஆமாங்க. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாறைகளைப் பார்க்கக் கிளம்புகிறோம். பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் வருவாங்க. கையில் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், ஓர் இரும்பு ஆணி, ஒரு கைபேசி இருந்தால் போதும். சுத்தியல் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைத்தான் இன்று சொல்லப் போறேன்.

முதலில், நம்ம மண்ணில் என்னதான் இருக்கு? சென்னை பல்லாவரம் குன்றுப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருந்த கல்லும் இதே வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறை, நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் சோதனைக்கு 'நிலா மண்' தயாரிக்க இஸ்ரோ அந்தப் பாறையைப் பயன்படுத்தியது. சேலத்தில் வெள்ளைக்கல், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். இதையெல்லாம் பார்க்க நாம வெளிநாடு போக வேண்டாம்.

கல்லை அடையாளம் காண்பதும் ரொம்பக் கஷ்டமில்லை. கல்சட்டி செய்கிற மாக்கல்லை நகத்தாலேயே கீறலாம். சுண்ணாம்புக்கல்லை நகம் கீறாது, ஆணி கீறும். வெங்கச்சங்கல்லில் ஆணியின் கீறல் விழாது. அந்தக் கல்தான் கண்ணாடியைக் கீறும். ஏடு ஏடாக உரிந்து மினுமினுத்தால் அது காக்காய்ப்பொன். இதை வீட்டு வாசல்படியிலும் அம்மிக்கல்லிலும் இன்றைக்கே பார்த்துப் பழகலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அந்தச் செம்மண் ஓடைகளில், சுருள் வடிவ ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பார்க்க வருபவர் "ஒண்ணே ஒண்ணுதானே" என்று பையில் போட்டுக்கொள்கிறார். அடுத்தவரும் அதையே நினைக்கிறார். வீட்டு அலமாரிக்குப் போன பிறகு அது வெறும் அலங்காரப் பொருள். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம்தான் அதன் வயதையும் அந்தக் கடலின் கதையையும் சொல்லும். அந்த முகவரி தொலைந்தால், திரும்பக் கொண்டுபோய் வைத்தாலும் கிடைக்காது.

அந்த முகவரியைக் காப்பாற்றும் கருவி உங்க கையிலேயே இருக்கு. கைபேசியில் இருப்பிட வசதியை இயக்கிவிட்டு மூன்று படங்கள் எடுங்க: தூரத்திலிருந்து இடம் முழுவதும், நாலடி தள்ளிச் சுற்றுப்புறம், பிறகு மிக அருகில். பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்தால் அளவு தெரியும். தேதி, ஊர்ப் பெயர், மண்ணின் நிறம் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்க. கல் அங்கேயே இருக்கட்டும்.

"எங்கே கல் எடுக்கலாம்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. காப்புக்காட்டில் கூடாது. காரை, சாத்தனூர், திருவக்கரை போன்ற தேசியப் புவியியல் சின்னங்களில் கூடவே கூடாது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்கணும். புல எண் தெரிந்தால், அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையச் சேவையில் அது பட்டாவா, புறம்போக்கா என்று பார்த்துக்கொள்ளலாம். புறம்போக்கு என்றால் யாரும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. உரிய அனுமதியின்றிக் கனிமத்தை வெட்டி எடுப்பதும் ஏற்றிச் செல்வதும் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கைவிடப்பட்ட கல்குவாரிப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீங்க. தேங்கிய நீரின் ஆழம் மேலிருந்து தெரியாது.

இன்னொன்று, வாட்ஸ்அப். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. வல்லுநர்கள் வந்து பார்த்து, அவை முட்டையல்ல, அம்மோனைட் படிவங்கள் என்று விளக்கினார்கள். இப்படி ஏதாவது உங்க ஊரில் கிடைத்தால் இடத்தைக் குறிப்பிட்டுக் குழுக்களில் பரப்பாதீங்க; கூட்டம் கூடி எல்லாம் மிதிபட்டுவிடும். படங்களோடு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்க. பழைய தாழியோ பானையோ தெரிந்தாலும் அப்படியே, கை வைக்காமல்.

நல்ல மாதிரிகளைக் கிட்டத்தில் பார்க்க ஆசையா? அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு. பிள்ளைகளோடு போய் வாங்க.

அடுத்த மழைக்குப் பிறகு உங்க ஊர் ஓடைக்கரையில் ஒருமுறை நடங்க. மண் கழுவிப் போன இடத்தில் புதுசா ஏதாவது எட்டிப் பார்க்கும். குனிந்து பாருங்க, படம் எடுங்க. நம்ம பேரப்பிள்ளைகளும் அதே இடத்தில் அதே கல்லைப் பார்க்கட்டும்.