கீரிப்பிள்ளையும் மேல்நாட்டுப் பெரட்டும்



2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த பிச்சாட்டூர் வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. அங்கே ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை அடுத்த வயல் வரப்புகளில், பட்டப்பகலில் குறுக்கே ஓடி மறையும் பிராணியைத் தமிழர் கீரிப்பிள்ளை என்பர். தெலுங்கர் முங்கிச என்பர். மராத்தியரும் முங்கூஸ் என்றே சொல்வதால், பம்பாயில் வாழும் நம்மவருக்கு இப்பெயர் புதிதன்று. ஆங்கிலத்தில் வழங்கும் மங்கூஸ் என்ற சொல்லும் நம் நாட்டிலிருந்து சென்றதே. அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்பது போலக் கீரியையும் பிள்ளை என்று அழைத்துவிட்டோம். பிள்ளையானால் வீட்டில் வைத்து வளர்க்கலாமே என்று தோன்றுவதும் இயல்புதான்.

மேல்நாடுகளில் வீட்டுக்குள் வளரும் பெரட் என்னும் பிராணியின் படங்களை இக்காலத்தில் கைப்பேசியிலே கண்டுவிட்டு, “இது நம் கீரிதானே!” என்று கேட்பவர் பலர். நீண்ட உடல், குட்டைக் கால், கூரிய மூக்கு, ஓயாத துருவல் ஆகியவை இரண்டுக்கும் பொதுவே. ஆயினும் குலம் வேறு. பெரட் நீர்நாயின் உறவு; கீரியோ பூனைக்கும் மரநாய்க்கும் அருகில் நிற்பது. அதனினும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. பெரட்டை ஐரோப்பியர் முயல் வேட்டைக்கெனப் பிடித்துப் பழக்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நாயைப் போல் அது மனிதனின் கைக்குள் வந்துவிட்ட இனம். கீரி இன்றுவரை காட்டுயிரே.

பெரட் வளர்க்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டியது வெப்பம். அதன் உடலில் வியர்த்து ஆறும் வசதி மிகக் குறைவு. சுமார் முப்பது பாகை வெப்பமே அதற்கு ஆபத்து. நாற்பதைத் தொடும் நம் சித்திரை வைகாசி வெயிலில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில் அதை வைப்பது கொடுமை. மின்சாரம் நின்றுபோகும் ஊரானால் அந்த எண்ணத்தையே விட்டுவிடலாம். உணவும் இறைச்சி ஒன்றே. சோறும் பாலும் ஆகா. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் செரித்துவிடுவதால் அடிக்கடி உணவு வேண்டும். நாளில் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்கும். விழித்த நேரமெல்லாம் ரப்பர்த் துண்டுகளைக் கடித்து விழுங்கிக் குடலை அடைத்துக்கொள்ளும். இனச்சேர்க்கை வேட்கையிலேயே நீடிக்கும் பெண் பெரட், இணை சேராவிட்டால் இரத்தம் குன்றி இறந்துபோவதும் உண்டு. ஆகையால் கருத்தடைச் சிகிச்சை இன்றியமையாதது. டிஸ்டெம்பர் என்னும் நாய்நோய் தாக்கினால் பிழைப்பது அரிது. நாய்களுக்குரிய சில தடுப்பூசிகளே இதற்கு அந்நோயை உண்டாக்கவும் கூடும். நமக்கு வரும் சளிக்காய்ச்சலும் இதைப் பற்றும். 1933-இல் லண்டன் ஆராய்ச்சியாளர் மனிதனின் இன்புளுயன்சாக் கிருமியைப் பிரித்தறிந்ததும் பெரட்டைக் கொண்டுதான். இவற்றையெல்லாம் அறிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்த பின்னரே விலையை விசாரிக்க வேண்டும்.

அப்படியானால் நம் வெயிலுக்குப் பழகிய கீரியையே வளர்த்தால் என்ன? சட்டம் இடந்தராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். ஓவியத் தூரிகைக்காக அதன் மயிரைத் தேடிக் கொல்லும் கொடுமை இன்னும் ஓயாமையால், இக்கண்டிப்பு வேண்டியதே.

குழந்தையைப் பாம்பினின்று காத்து, ஆத்திரக்காரியின் கையால் மாண்ட கீரியின் கதை நாமெல்லாம் அறிந்தது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும் அது வருகிறது. கீரி ஏதோ பச்சிலையைத் தின்று விஷத்தை முறிக்கிறதென்பர். அது கற்பனை. நாகத்தின் நரம்பு விஷம் பற்றிக்கொள்ளும் இடம் கீரியின் உடலில் சற்றே மாறி அமைந்திருப்பதும், அதன் வேகமும், சிலிர்த்து நிற்கும் தடித்த மயிருமே அதன் கவசங்கள். வீட்டில் கட்டிப்போட்ட கீரிக்கு இவற்றில் வேகம் பயனற்றுப் போகிறது.

எலி பிடிக்கும் என்ற நம்பிக்கையும் ஓரளவே உண்மை. 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து 1883-இல் ஹவாய்க்கும் அவ்வினம் சென்றது. எலி இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது. தரையில் கூடு கட்டும் பறவைகளே பெருந்துன்பம் அடைந்தன. நம் வீட்டிலும் எலி தப்பும், கோழிக்குஞ்சு தப்பாது.

பிச்சாட்டூர்ப் பக்கம் நிலமோ வீடோ வைத்திருப்போர், கீரி தானே வந்து போகும்படி வேலியோரப் புதரைக் கொஞ்சம் விட்டுவைத்தால் போதும். கோழிக்கூண்டுக்கு நெருக்கமான வலை போடுக. கீரி கடித்துவிட்டால், வெறிநோய் அஞ்சத்தக்கதாகையால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கரும்பு வெட்டும்போது குட்டி அகப்பட்டால் பசும்பால் புகட்ட முயல வேண்டா. அதே இடத்தில் நிழலில் விட்டு ஆட்கள் விலகி நின்றால், தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். மாலைக்குள் வராவிட்டால் வனத்துறையினருக்குச் செய்தி சொல்லுங்கள்.