மணலுக்குள் பூனை மறைப்பது

 

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கள் கரையோர ஊர்களில் பூனை வந்துபோகாத வளவு இல்லை. மீன் கழுவும்போது காலைச் சுற்றும். தொழுகைப் பாயில் வந்து சுருண்டு படுக்கும். பூனை நஜீஸ் இல்லை என்பது சின்ன வயதில் மத்ரசாவிலேயே நாங்கள் படித்த பாடம். இவ்வளவு கிட்ட இருக்கிற அந்த ஜீவனின் ஒரு நோவை நாங்கள் காணத் தவறுகிறோம். மலச்சிக்கல்தான் அந்த நோவு. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியே தொடங்குகிறேன்.

கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி எங்கள் ஊர்களின் நடுவால் ஓடுகிறது. அந்த வீதியில் எங்கள் கடுவன் பூனையை ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. ஒரு மாதம் நொண்டினான். பிறகு நடந்தான். சுகமாகிவிட்டது என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம்.

சில மாதம் கழித்து, முற்றத்து மணலில் குந்தி முக்கினான். எழும்பிப் போய் வேறோர் இடத்தைத் தோண்டி மறுபடியும் குந்தினான். வாலடியில் தண்ணீர்போலக் கொஞ்சம் வடிந்திருந்தது. "வயித்தால போகுது, பால் குடுக்காத" என்றார் உம்மா. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். நான்காம் நாள் சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை, வாந்தியும் எடுத்தான்.

மிருக வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பெருங்குடல் நிறைய, கல்லுப்போல இறுகிய மலம். வடிந்தது வயிற்றோட்டமே இல்லை. இறுகிய மலத்தின் ஓரத்தால் கசிந்த நீர். எக்ஸ்றேயில் காரணமும் தெரிந்தது: விபத்தில் உடைந்த இடுப்பெலும்பு கோணலாகப் பொருந்தி, மலம் இறங்கும் வழியை நெருக்கியிருந்தது.

நேயர்களே, ஏன் இவ்வளவு பிந்தினோம்? பூனை மலத்தை மணலால் மூடிவிடுகிறது. எங்கள் ஊர்களில் முற்றமும் மணல், கடற்கரையும் மணல். போனதா, போகவில்லையா என்று யார் கண்டார்கள்? அதனால் சந்தேகம் வந்தால், ஒரு பழைய பேசினில் மணல் நிரப்பி, பூனையை ஒருநாள் அறைக்குள் வைத்துப் பாருங்கள். சுகமான பூனை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறையாவது போகும். இரண்டு நாள் போகவில்லையென்றால் கவனியுங்கள். மூன்றாம் நாளைக் காத்திருந்து கழிக்காதீர்கள். காய்ந்த, சின்னச் சின்ன உருண்டைகள், மேலே படிந்த இரத்தம் அல்லது சளி, குந்தும்போது கத்துவது, பசியின்மை, வாந்தி, உரோமம் மங்கிச் சோர்ந்து படுப்பது — இவை எல்லாம் அடையாளங்கள்.

இங்கே ஓர் அவசர எச்சரிக்கை. கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கினால், அடைபட்டிருப்பது சிறுநீராகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூத்திரம் முற்றாக அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மூத்திரம் போகிறதா என்று தெரியாவிட்டால், இரவென்றும் பாராமல் வைத்தியரைத் தேடுங்கள்.

பூனைக்கு ஏன் இந்த நோவு? அதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தண்ணீரைத் தேடிக் குடிக்கும் பழக்கம் குறைவு. எலியின் உடலிலுள்ள ஈரமே அதற்குப் போதுமாக இருந்தது. உடலில் நீர் குறைந்தால், பெருங்குடல் மலத்திலுள்ள நீரையும் உறிஞ்சி எடுத்துவிடும். கடையில் வாங்கும் உலர் தீனியில் நீர் பத்திலொரு பங்குதான். சிறுநீரக நோய், முதுமையில் வரும் மூட்டு நோவு, உடற்பருமன், நக்கி விழுங்கும் உரோமம், அழுக்கான மணல் பேசின் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணம் எலும்பு. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் எலும்புகளும், மற்ற நாட்களில் மீன் தலையும் கோழி எலும்பும் பூனைக்குத்தான். அந்த எலும்புத் தூள் குடலில் சீமெந்துபோல இறுகிவிடும்.

ஆகவே முள் எடுத்த மீனை, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து, அவித்த தண்ணீரோடு கொடுங்கள். வெங்காயம் பூனைக்கு நஞ்சு. நாலு கிலோ பூனைக்கு, சாப்பாட்டிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, நாளுக்கு ஏறக்குறைய 200 மில்லிலீட்டர் நீர் வேண்டும். குசினி, விறாந்தை, கிணற்றடி என்று இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள். அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். உரோமத்தைத் தினமும் சீவிவிடுங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். ஆமணக்கெண்ணெயோ திரவப் பரபினோ வாயில் ஊற்றாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும். மனிதருக்கான பொஸ்பேற் எனிமா பூனையைக் கொன்றுவிடும். நோவுக்கு என்று பனடோல் கொடுப்பதும் அப்படியே, ஒரு குளிசையே போதும்.

வைத்தியர் முதலில் சேலைன் ஏற்றி உடலின் நீர்க்குறையைப் போக்குவார். தேவையானால் மயக்கமருந்து கொடுத்து மலத்தை அகற்றுவார். பிறகு லக்டுலோஸ் போன்ற பாகு மருந்தை, பூனையின் நிறைக்கேற்ற அளவில் எழுதித் தருவார். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் பெருங்குடல் விரிந்து, சுருங்கும் பலத்தையே இழந்துவிடும். அதன்பின் குடலின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சைதான் மிஞ்சும். நாட்பட்ட மலச்சிக்கல் ஒரு தடவை மருந்தோடு முடிகிற காரியமும் இல்லை. அது தினமும் பார்க்க வேண்டிய பராமரிப்பு.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அவள் அந்தப் பூனையை அடித்ததாக அதில் இல்லை. பசித்த உயிரைப் பாராமல் விட்டாள், அதுவே குற்றமாயிற்று. நாங்கள் கட்டிவைக்கவில்லைதான். ஆனாலும் அந்த நான்கு நாளை நினைக்கும்போது இந்த ஹதீஸ்தான் எனக்கு நினைவில் வரும். வீட்டில் வளரும் உயிர் ஓர் அமானிதம்.

எங்கள் கடுவன் இப்போதும் இருக்கிறான். காலையும் மாலையும் மருந்து, ஈரமான சாப்பாடு, விறாந்தை மூலையில் மணல் பேசின். சுபஹுக்குப் பிறகு என் இளைய மகள் முதல் வேலையாக அந்தப் பேசினைத்தான் போய்ப் பார்ப்பாள். "வாப்பா, போயிரிக்கி" என்று அவள் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் தேநீர்.