ஆடிக்கூழும் கணினித் திரையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிறநாடுகளில் வளரும் நம் சிறுவர்க்குக் கணினி வாயிலாகத் தமிழையும் நம் பண்டிகைகளையும் ஒருங்கே கற்பிப்பது பற்றிச் சில வார்த்தை பேசுமாறு செயலாளர் பணித்தார். வெண்கட்டி பிடித்தே மூப்படைந்த என்னை இப்பொருளுக்கு அழைத்தது விநோதந்தான். ஆயினும், மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்கு என் வீட்டு விறாந்தையிலிருந்து ரொறன்ரோவிலுள்ள பன்னிரண்டு பிள்ளைகளுக்கு 'சூம்' வழியாகத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகின்றேன். அங்கே அப்போது கோடையிற் காலை ஒன்பது மணி, மாரியில் எட்டு. மாரியில் நித்திரைக் கண்களோடுதான் வருவார்கள். அவர்களுள் இருவர் என் பேரப்பிள்ளைகள்.

வசதி இல்லையென்று எவரும் குறைகூற முடியாது. 2001இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம் மழலையர் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கின்றது. 2005இல் ஆரம்பமான 'நூலகம்' மின்னூலகத்தில் நம் நாட்டு நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கிற் கிடக்கின்றன. பொங்கலைப் பற்றியும் கவலையில்லை. கனடா நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபின், அப்பிள்ளைகளிற் பலர் பொங்கற் பானையின் படத்தையாவது பார்த்திருப்பர்.

ஆடிப்பிறப்பின் நிலை வேறு. ஜூலை நடுவில் வரும் அந்நாளை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடி வைத்தமையால், யாழ்ப்பாணத்தில் நம் தலைமுறைக்கு அது விடுமுறையோடும் கொழுக்கட்டையோடும் ஒட்டிய நாள். ரொறன்ரோப் பிள்ளைகளுக்கோ ஜூன் முடிவிலேயே பள்ளிக்கூடம் மூடிவிடும். விடுமுறைக்குள்ளே இன்னொரு விடுமுறை என்றால் அவர்களுக்கு அதில் என்ன ருசி?

முதலாண்டு நான் மிகுந்த பாடுபட்டேன். படம்படமாகப் பாடம் தயாரித்து, சரியான படத்தைத் தொட்டால் மணி அடிக்கும் வினாவிடை விளையாட்டொன்றும் அமைத்தேன். பன்னிருவரும் நூற்றுக்கு நூறு! மறுநாள் என் மருமகள் தொலைபேசியிற் சொன்னாள்: பேத்தி கூழ் என்பதை ஆங்கிலச் சொல்லாகக் கேட்டு, குளிர்ந்த பானமென்று எண்ணி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தேடினாளாம். பேரனோ இணையத்திற் 'கூழ்' என்று தேடிப் பார்த்துவிட்டு, ஆடிப்பிறப்புக்கு நாம் நண்டும் இறாலும் காய்ச்சிக் குடிப்பதாக முடிவுகட்டினான். அவனுக்கு அகப்பட்டது ஒடியற்கூழ். நூறு புள்ளி பெற்றவர்களின் அறிவு இது.

பிழை பிள்ளைகளுடையதன்று. படத்தைத் தொடுகிற விரலுக்கு வாய் தேவைப்படுவதில்லை. நான் செய்த விளையாட்டை ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாமலே வென்றுவிடலாம், வென்றும் விட்டார்கள்.

இரண்டாம் ஆண்டு படங்களை விட்டேன். என் மனைவி குசினியில் நிற்க, கைத்தொலைபேசியை அடுப்பருகே சாய்த்து வைத்தோம். அங்கே தாய்மார் அடுப்பில் அதே வேலை. பயறு வறுபட்டது, மா கரைந்தது, பனங்கட்டி போட்டதும் நிறம் மாறியது. "துழாவு, துழாவு, அடிப்பிடிக்கும்" என்று இங்கே இவள் சொல்ல, அங்கே பன்னிரண்டு அகப்பைகள் சுழன்றன. 'துழாவு' என்னும் வினையை நான் ஒரு நாளும் விளக்கியதில்லை. இன்று அவர்கள் தேநீரையும் துழாவுகிறார்கள். கூழ் சுடும் என்பதும் ஊதிக் குடிக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் பேத்திக்கு விளங்கின. திரையிற் சூடு வராதே!

பனங்கட்டி அங்குள்ள தமிழ்க் கடையிற் கிடைத்தது. பலாவிலை கிடைக்கவில்லை. பேரன் முற்றத்து மேப்பிள் இலையைப் பறித்து, ஈர்க்குக்குப் பதிலாகப் பற்குச்சி குத்திக் கோலினான். அந்த இலையோ விரல் விரலாகப் பிரிந்தது, கூழ் நிற்குமா? சட்டையெல்லாம் வழிந்தது. "அம்மம்மா, ஒழுகுது!" என்று கத்தினான். அதுவரை நான் கேட்டாலன்றி அவன் வாயிலிருந்து தமிழ் வந்ததில்லை. இவள் அடுப்பை மறந்து, "ரெண்டு இலையை அடுக்கி மடி ராசா" என்றாள். பதில் சொல்ல முடியாமல் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று தொடங்கி வீட்டுப் பாடத்தை 'வட்ஸ்அப்' குரற்பதிவாக மாற்றினேன். பிள்ளை தான் செய்ததைத் தன் குரலில் அரை நிமிடம் சொல்லி அனுப்ப வேண்டும். பெறுபவர் அதன் அம்மம்மாவோ அப்பப்பாவோ. நான் அல்லன். புள்ளி போடுகிற வாத்தியாருக்கு எந்தப் பிள்ளையும் மனம் திறந்து பேசாது. முதியவர் தம் ஊர்ப் பேச்சிலேயே மறுமொழி அனுப்புவார். இலக்கணப் பிழை வருகிறதே என்று ஒரு தகப்பனார் வருத்தப்பட்டார், வரட்டும் என்றேன். குரற்பதிவில் ஒரு நன்மை: 'கூழ்' 'கூல்' ஆகிவிட்டால் பிள்ளை தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தி மறுபடி அனுப்பும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளின் முகங்களை 'யூரியூப்'பில் ஏற்றி ஊருக்குக் காட்ட நாம் சம்மதிப்பதில்லை. எல்லாம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கவே வந்தேன். இணையத்திற் கிடைக்கும் படங்கள் எந்த ஊர்க் கூழ் என்று அங்குள்ள பிள்ளைக்குத் தெரியாது. நம் அடுப்பங்கரையிற் கொழுக்கட்டை ஓரத்தைப் பல்லுப் பல்லாக மடிக்கும் விரல்களை, அவ்விரல்களுக்குரியவர் பேசும் பேச்சோடு, ஒவ்வொரு நிமிடமாக எடுத்துத் தாருங்கள். பின்னணி இசை வேண்டாம். மா உரல் இடிக்கும் ஓசை போதும். உரல் இல்லாத வீடென்றால் 'கிறைண்டர்' இரையட்டும், அதுவும் உண்மைதானே. உங்கள் பாட்டிமாரிற் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். ஆதலின் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று தள்ளாதீர்கள்.

வரும் ஆடிப்பிறப்பன்று எங்கள் வீட்டிலும் பதிவு உண்டு. கைத்தொலைபேசியை ஆடாமற் பிடிக்க இருவரும், பலாவிலை பறிக்க மரமேறத் தெரிந்த ஒருவரும் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் தரலாம். கூழ் காலை ஏழு மணிக்கு.