பயிற்சியும் வழித்துணையும்



பயிற்சி என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு செயல்களைக் குறித்து வருகிறோம். அவற்றைப் பிரித்தறிதல் நம் பிள்ளைகளின் வாழ்வுக்கு இன்றியமையாதது.

தொழில் தெரிந்தவர் காட்டிக் கொடுத்து, கை பழகும்வரை செய்விப்பது பயிற்சி. அரம் பிடிப்பதும் வெர்னியர் அளவியைப் படிப்பதும் அவ்வாறு கற்பனவே. ‘கோச்சிங்’ என்பது வேறு. ஹங்கேரி நாட்டுக் கோச் என்னும் சிற்றூரின் பெயர் முதலில் வண்டிக்கு ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில மாணவர் வழக்கில் துணையாசிரியருக்கும் ஆயிற்று. வண்டி சுமந்து செல்லும். சேருமிடத்தை ஏறியவரே சொல்லவேண்டும். ஆகவே அதனை வழித்துணை என்போம்.

நம் வல்லம் வடகால் சிப்காட்டிலும் ஒரகடத்திலும் பயிற்சிக்குக் குறைவில்லை. ஆயினும் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநர் பயிற்சி பெறுவோரேயன்றித் தொழிலாளர் அல்லர். பயிற்சிக் காலம் முடிந்தபின் யாது செய்வது?

எம் பழைய மாணவன் ஒருவன், பொருத்துநர் படிப்பு ஈராண்டும் பழகுநராக ஓராண்டும் முடித்து வெளியே வந்தான். “இன்னொரு பயிற்சி சொல்லுங்கள் ஐயா” என்றான். அவனுக்கு முன் வந்த பலருக்கு யாமே முடிவு சொல்லி அனுப்பியதுண்டு. அது எம் பிழை. இம்முறை, “ஆலையில் எவ்வேலை உனக்கு மனநிறைவு தந்தது?” என்று கேட்டோம். “இயந்திரப் பழுது நீக்குவது” என்றான். “அதில் உயரத் தடை என்ன?” என்றோம். “படிப்பு” என்றான். “அதற்கு வழியுண்டா என்று நீயே விசாரித்து வா, என்று வருவாய்?” என்றோம். விடை சொல்லியே பழகிய எமக்கு வாய்மூடிக் காத்திருத்தல் எளிதாயில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தோர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று அறிந்து வந்தான். இன்று அங்கே பயில்கிறான்.

அண்ணல் அம்பேத்கருக்கும் இத்தகைய துணை வாய்த்தது. பூங்காவில் படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு நூல்கள் தந்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். அவர் வேறொரு பள்ளியின் ஆசிரியர். 1907இல் மெட்ரிகுலேஷன் வெற்றிக்கான பாராட்டு விழாவில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார்; பின்னர்ப் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணைநின்றார்.

பயிற்சிக்குக் கருவியும் கூடமும் வேண்டும். வழித்துணைக்கு, பொறுமையாய்க் கேட்கும் ஒரு மனிதர் போதும். இக்கழகத்தால் கல்வி பெற்ற ஒவ்வொருவரும் ஓர் இளைஞரையேனும் மாதம் ஒருமுறை அருகிருத்திக் கேளுங்கள். இளைஞர்காள், நீங்களும் கூச்சமின்றித் தேடி வாருங்கள். எம் வீட்டுத் திண்ணை உங்களுக்காகத் திறந்தே இருக்கும்.