எமிலியாவின் வளத்தைக் கட்டியது யார்?

(கட்சி வகுப்பு ஒன்றில் பொருளியலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி என்றதும் குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் என்ற அளவிலேயே நம் சிந்தனை நின்றுவிடுகிறது. ஒரு வட்டாரத்தின் தொழில் வளத்தையே உள்ளாட்சியால் உருவாக்க முடியுமா? போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் இதற்குக் கிடைக்கும் தெளிவான சான்று, வட இத்தாலியின் எமிலியா-ரோமான்யா. ஏறத்தாழ 45 லட்சம் மக்கள் வாழும் அப்பகுதியின் தலைநகர் பொலோன்யா. 1945 முதல் 1999 வரை அந்நகரின் மேயர் பொறுப்பு இடதுசாரிகளிடமே இருந்தது. முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பொறுப்பை வகித்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஜுசெப்பே டோஸ்ஸா. இன்று இத்தாலியின் மிக வளமான பகுதிகளுள் ஒன்றாக எமிலியா விளங்குகிறது.

இந்த வளத்துக்கு அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம் 1993இல் ஒரு விளக்கம் அளித்தார். இடைக்கால நகரக் குடியரசுகளின் காலந்தொட்டே வட இத்தாலியர்கள் சேர்ந்து செயல்படும் பழக்கம் உடையவர்கள்; அதுவே நல்லாட்சிக்கும் வளத்துக்கும் வேர் என்றார். உலக வங்கி வட்டாரங்களில் இக்கருத்துக்குப் பெரும் வரவேற்பு கிடைத்ததில் வியப்பில்லை. கட்சி, வர்க்கம், போராட்டம் ஆகிய மூன்றும் அதில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றன அல்லவா! ஆனால் அதே போ நதிச் சமவெளியில்தான் 1920-22 ஆண்டுகளில் நிலவுடைமையாளர்களின் பணத்தில் வளர்ந்த பாசிசப் படைகள் கூட்டுறவுச் சங்கங்களையும் தொழிற்சங்க அலுவலகங்களையும் தீக்கிரையாக்கின. நூற்றாண்டுகளின் நற்பழக்கம் அதைத் தடுத்துவிடவில்லை.

உண்மையில் நடந்ததை மொதேனா நகரில் காணலாம். 1950 ஜனவரி 9 அன்று அங்குள்ள வார்ப்பாலை ஒன்றின் முன் கூடிய தொழிலாளர்கள் மீது போலீசார் சுட்டதில் ஆறு பேர் உயிரிழந்தனர். அக்காலத்தில் தொழிற்சங்க முன்னணி ஊழியர்கள் ஆலைகளிலிருந்து பெருமளவில் வெளியேற்றப்பட்டனர். கைத்திறன் இருந்தது, வேலை கொடுப்பார் இல்லை. கம்யூனிஸ்ட் மேயர் அல்ஃபேயோ கொரஸ்ஸோரியின் நகராட்சி 1953இல் ஒரு முடிவெடுத்தது. நகரின் ஓரத்தில் விளைநிலத்தை வாங்கி, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்து, மனைகளாகப் பிரித்து, சிறு பட்டறை தொடங்க முன்வந்த கைவினைஞர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது. நில மதிப்பு உயர்வால் வரும் ஆதாயம் ஊக வணிகர்களிடம் போகவில்லை. இந்தக் ‘கைவினைஞர் கிராமம்’ விரைவில் பிற நகரங்களிலும் பின்பற்றப்பட்டது.

இதன் பின்னணியில் ஓர் அரசியல் தெளிவு இருந்தது. 1946 செப்டம்பரில் ரெஜ்ஜோ எமிலியாவில் ஆற்றிய உரையில் டோக்ளியாட்டி, சிறு உற்பத்தியாளர்களையும் நடுத்தரப் பிரிவினரையும் பெருமூலதனத்திடம் விட்டுவிடாமல் தொழிலாளி வர்க்கத்தின் பக்கம் கொண்டுவர வேண்டுமென வற்புறுத்தினார். அதைச் செயலாக்கியவை சலிப்பூட்டும் அன்றாடப் பணிகள்தாம். கைவினைஞர் சங்கம் பட்டறைகளின் கணக்கை எழுதிக் கொடுத்தது. கடன் உறுதிக் கூட்டுறவுகள் வங்கிக்குப் பிணை நின்றன. ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி 1963 முதல் தானே மழலையர் பள்ளிகளைத் திறந்தது. பெண்கள் அமைப்பின் நெடுநாள் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. 1973இல் பொலோன்யாவில் நெரிசல் நேரப் பேருந்துப் பயணம் இலவசமாக்கப்பட்டது. நிலம், கடன், குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து: வளத்தின் அடித்தளம் இதுவே. சஸ்ஸுவோலோவின் தரை ஓடுகளும் பொலோன்யாவின் பொட்டலமிடும் இயந்திரங்களும் இத்தகைய மண்ணில்தான் வளர்ந்தன.

எல்லாம் பொற்காலமல்ல. கார்ப்பி நகரின் பின்னலாடைத் தொழில், வீட்டிலிருந்தே துண்டு வீதக் கூலிக்கு உழைத்த பெண்களின் தோள்மேல் நின்றது. சிறு முதலாளியும் முதலாளியே என்பதை நம் தோழர்கள் சிலர் எமிலியாவைப் புகழும்போது மறந்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ‘குடும்ப வரி’ என்ற உள்ளூர் வரி ஒன்று நகராட்சிகளின் கையில் இருந்தது. செல்வந்தர் மீது கூடுதலாகவும் எளியோர் மீது குறைவாகவும் அதை விதிக்க முடிந்தது. மத்திய அரசு நியமித்த ‘ப்ரிஃபெக்ட்’ என்ற அதிகாரி நகராட்சி வரவுசெலவுத் திட்டங்களுக்குத் தொடர்ந்து முட்டுக்கட்டை போட்டார். ஆளுநர்களை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1970களின் வரிச் சீர்திருத்தம் குடும்ப வரியை ஒழித்தது. 1977இல் நகராட்சிகளின் கடன் உரிமையும் சுருக்கப்பட்டது. ஆகவே எல்லாப் பழியையும் பிரஸ்ஸல்ஸ் மீது சுமத்துவது சரியாகாது. ஆனால் 1992இன் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை வகுத்த 3 சதவீதப் பற்றாக்குறை வரம்பு, 1990களின் இறுதியில் ‘உள்நாட்டு நிலைத்தன்மை ஒப்பந்தம்’ என்ற பெயரில் நகராட்சிகள் வரை இறங்கியது. கருவூலத்தில் பணம் வைத்திருந்த நகராட்சிகளும்கூட விதியை மீற முடியாமல் பள்ளிக் கட்டடம் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போட்டன. 2012இல் சமநிலை வரவுசெலவு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

அதே 3 சதவீதம் நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டத்தில் நுழைந்தது. கடன் வரம்பை எதிர்த்துக் கேரள அரசு தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024இல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. ஐரோப்பாவின் கதை நமக்கு அந்நியமானதல்ல.

உடைமையும் கைமாறியது. லம்போர்கினி 1998இலும் டுகாட்டி 2012இலும் ஜெர்மனியின் ஆடி குழுமத்திடம் சென்றன. கிரேவல்கோரேயில் உள்ள மரெல்லி ஆலையை மூடப்போவதாக 2023இல் அறிவிப்பு வந்தது. 200க்கும் மேற்பட்டோரின் வேலை பற்றிய அம்முடிவு, அந்நிறுவனத்தின் உடைமையாளரான கேகேஆர் என்ற அமெரிக்க நிதியத்தின் கணக்கேட்டிலிருந்து பிறந்தது. கைவினைஞர் கிராமம் அமைத்த நகராட்சியிடம் இதற்கு மருந்தில்லை.

நெருக்கடிக்கு வட இத்தாலியின் வலதுசாரிகள் கண்ட விடை, எங்கள் வரி எங்களுக்கே என்பது. லொம்பார்டியும் வெனெட்டோவும் 2017இல் இதற்காக வாக்கெடுப்பு நடத்தின. வருத்தத்துக்குரியது, மைய-இடது ஆட்சியிலிருந்த எமிலியா-ரோமான்யாவும் தனக்குக் கூடுதல் அதிகாரம் கேட்டு அதே பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்ததுதான். அதிகாரப் பரவல் வேறு, தெற்கின் ஏழைப் பகுதிகளுக்குச் செல்லும் பங்கைக் குறைப்பது வேறு. மெலோனி அரசு 2024 ஜூனில் இதைச் சட்டமாக்கியபோது எமிலியா எதிர்த்தது. அரசியல் சாசன நீதிமன்றம் அச்சட்டத்தின் பல பகுதிகளை நவம்பரில் செல்லாததாக்கியது. ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்களில் எமிலியாவின் தலைவர்களும் உண்டு என்பதே என் மதிப்பீடு.

2020 ஜனவரியில் சல்வீனியின் லேகா கட்சி எமிலியாவைக் கைப்பற்ற முயன்றபோது வாக்களித்தோர் ஏறத்தாழ 68 சதவீதம்; வலதுசாரிகள் தோற்றனர். 2024 நவம்பரில் மைய-இடது அணி 57 சதவீதம் அளவுக்கு வாக்குப் பெற்று எளிதாக வென்றது. ஆனால் வாக்குச் சாவடிக்கு வந்தவர்கள் 46 சதவீதத்தினரே. தங்கள் நகராட்சி இனி எதையும் முடிவு செய்வதில்லை என்று கருதி வீட்டிலிருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பதை அங்குள்ள இடதுசாரிகள் இன்னும் விவாதித்து வருகிறார்கள்.